பழைய மதர்போர்டில் புதிய பிராசசர் ஓடுமா? வாங்கும் முன் சரிபார்ப்பது முதல் மாட்டி முடிப்பது வரை

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. மொத்தமாக மாற்றுவதற்குப் பதில் பிராசசரை மட்டும் மாற்றினால் போதாதா? பல நேரங்களில் போதும். 2017-இல் ஏஎம்டி பிராசசர்களுக்காக வந்த ஏஎம்4 என்ற வகை மதர்போர்டுகள் பலவற்றில், ஐந்து ஆண்டுகள் கழித்து 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ஓடுகிறது. ஆனால் அதே 2017 ஜனவரியில் வந்த இன்டெல் 200 வரிசை போர்டில், அதே ஆண்டு அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறை பிராசசர் ஓடாது. சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசசர் பொருந்தும் இடத்தில், ஒழுங்காகப் போய் உட்காரும், ஆனால் திரையில் எதுவும் வராது.

ஆகவே போர்டு எவ்வளவு பழசு என்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது. சாக்கெட் பொருந்துகிறதா என்பதை மட்டும் வைத்தும் முடியாது. சாக்கெட், சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் போர்டின் சிப்), பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அதற்கு மேல், அந்தப் பிராசசர் இழுக்கும் மின்சாரத்தைப் போர்டு தாங்க வேண்டும். இவை எல்லாவற்றையும் பணம் கொடுப்பதற்கு முன்பே, கேபினெட்டைத் திறக்காமலே சரிபார்த்துவிடலாம் என்பதுதான் நல்ல செய்தி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகாட்டி டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான். இன்றைய லேப்டாப்களில் பிராசசர் போர்டோடு சேர்த்து பற்றவைக்கப்பட்டிருக்கும், அதை மாற்ற வழி இல்லை.

படி 1: போர்டின் முழுப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

"பி450 போர்டு" என்று தெரிந்தால் போதாது. ஒரே சிப்செட்டில் ஒரே நிறுவனம் பத்து மாடல் வெளியிட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது நிறுவனம், மாடல், ரிவிஷன் (அதே மாடலின் எத்தனையாவது திருத்தப் பதிப்பு என்ற எண்) மூன்றும்.

விண்டோஸில் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற செயலியைத் திறந்தால் "பேஸ்போர்டு" என்று தொடங்கும் வரிகளில் நிறுவனமும் மாடலும் இருக்கும். அங்கேயே இப்போதைய பயாஸ் பதிப்பும் தேதியும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் "மெயின்போர்டு" பகுதியில் இதே தகவல் சிப்செட் பெயரோடு சேர்ந்து கிடைக்கும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை இதைச் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை என்றால் கேபினெட்டைத் திறந்து போர்டின் மேலேயே பார்க்க வேண்டியதுதான். மாடல் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ரிவிஷன் எண் பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். ஒரே மாடலின் 1.0 ரிவிஷனுக்கும் 2.0 ரிவிஷனுக்கும் பயாஸ் கோப்பே வேறாக இருக்கலாம், ஏற்கும் பிராசசர்களும் வேறாக இருக்கலாம்.

பெரிய நிறுவனங்கள் முழுதாகச் செய்து விற்கும் பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போர்டுகளின் பயாஸ் பெரும்பாலும் அந்த மாடலோடு சேர்த்து விற்ற பிராசசர்களை மட்டுமே ஆதரிக்கும். சிப்செட் அளவில் முடியும் என்றாலும், அடுத்த தலைமுறைக்கான அப்டேட்டை நிறுவனம் கொடுத்திருக்காது. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் என்னென்ன பிராசசர்கள் சொல்லப்பட்டிருக்கின்றனவோ அதற்குள் தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு.

படி 2: சாக்கெட்டும் சிப்செட்டும் எங்கே ஒத்துப்போகும், எங்கே போகாது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதலில் இன்டெல்.

எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் 2-ஆம், 3-ஆம் தலைமுறைகள் வந்தன. எச்61 போன்ற 6 வரிசை போர்டுகள் பலவும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு 3-ஆம் தலைமுறையை ஏற்கும். ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் அதிகம் வந்த க்யூ65, க்யூ67, பி65 சிப்செட்களுக்கு அந்த ஆதரவு கிடைக்கவில்லை.

எல்ஜிஏ 1150-இல் 4-ஆம் தலைமுறை எல்லாப் போர்டிலும் ஓடும். டெஸ்க்டாப்புக்கு மிகக் குறைவாகவே வந்த 5-ஆம் தலைமுறைக்கு எச்97 அல்லது இசட்97 வேண்டும். எச்81, பி85 வைத்திருப்பவர்களுக்கு 4-ஆம் தலைமுறை ஐ7தான் எல்லை.

எல்ஜிஏ 1151-தான் பெரிய பொறி. ஒரே பெயரில் இரண்டு உலகம். 100, 200 வரிசை போர்டுகள், அதாவது எச்110, பி150, இசட்170, பி250, இசட்270 போன்றவை, 6-ஆம், 7-ஆம் தலைமுறைகளுக்கு. 300 வரிசை போர்டுகள், அதாவது எச்310, பி360, பி365, இசட்370, இசட்390 போன்றவை, 8-ஆம், 9-ஆம் தலைமுறைகளுக்கு. பின்களின் எண்ணிக்கையும் பள்ளங்களும் ஒன்றேதான், அதனால் தடையில்லாமல் உள்ளே உட்காரும். ஆனால் முன்பு பயன்படாமல் ஒதுக்கி வைத்திருந்த சில பின்கள் புதிய தலைமுறையில் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் மாற்றப்பட்டன. சில பின்களை மறைத்து, மாற்றி எழுதிய பயாஸைப் போட்டு இதைத் தாண்டியவர்கள் உண்டு. அது சோதனை செய்து பார்ப்பவர்களின் விளையாட்டு. தினமும் வேலை செய்ய வேண்டிய கம்ப்யூட்டரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்ஜிஏ 1200-இல் 10-ஆம், 11-ஆம் தலைமுறைகள். இங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு: எச்410, பி460 சிப்செட்கள் 11-ஆம் தலைமுறையை ஏற்காது, எச்470, இசட்490 ஏற்கும். பின்னாளில் பெயரின் கடைசியில் ஒரு சின்ன மாற்றத்தோடு வந்த சில எச்410 போர்டுகளில் உள்ளே வேறு சிப்செட் இருப்பதால் அவை ஏற்கும். ரிவிஷனைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

எல்ஜிஏ 1700-இல் 12, 13, 14 மூன்று தலைமுறைகளும் வந்தன. எச்610, பி660, இசட்690 போர்டுகளில் பயாஸ் அப்டேட் செய்துவிட்டு 14-ஆம் தலைமுறை வரை போகலாம். 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்ற வேறு சாக்கெட், அது 1700 போர்டில் உட்காராது.

இப்போது ஏஎம்டி. ஏஎம்4 சாக்கெட்டின் ஆயுள் அசாதாரணமானது. 2017-இல் ரைசன் 1000, 2018-இல் 2000, 2019-இல் 3000, 2020 கடைசியில் 5000 என்று எல்லாம் ஒரே சாக்கெட்டில் வந்தன. ஆனால் எல்லாப் போர்டும் எல்லாவற்றையும் ஏற்கும் என்று இல்லை. பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப் 16 எம்பி மட்டுமே. அத்தனை பிராசசர்களுக்கும் தேவையான தரவு அதில் அடங்காது. அதனால் சில நிறுவனங்கள் பயாஸின் அழகான திரையைச் சுருக்கின, சில பழைய பிராசசர்களுக்கான ஆதரவையே நீக்கின.

பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கு ரைசன் 5000 ஆதரவு கிடையாது என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி சொன்னது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும் அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. 2022-இல் ஏ320, பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கும் கதவு திறந்தது. ஏ320 போர்டு வைத்திருப்பவர்கள்கூட இன்று ரைசன் 5 5600 போடும் வாய்ப்பு இருக்கிறது. இதைத் தெரியாமலே மொத்தக் கம்ப்யூட்டரையும் மாற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எதிர்த்திசையிலும் ஒரு கவனம் வேண்டும். புதிய போர்டு பழைய பிராசசரை ஏற்காமல் போகலாம். பி550, ஏ520 போர்டுகள் ரைசன் 1000, 2000 வரிசைகளை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. 3200ஜி, 3400ஜி இரண்டும் பெயரில் 3000 என்று இருந்தாலும் உள்ளே பழைய தலைமுறை வடிவமைப்பு, அவற்றையும் இந்தப் போர்டுகள் அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. ரைசனின் எண்ணைப் பார்த்துத் தலைமுறையை முடிவு செய்யாதீர்கள்.

2022-இல் வந்த ஏஎம்5-க்கு நிலைமை எளிது. ரைசன் 7000, 8000ஜி, 9000 மூன்றும் அதில் ஓடும், பயாஸ் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். ஏஎம்4 பிராசசர் அதில் உட்காராது, ஏஎம்5 பிராசசர் ஏஎம்4-இலும் உட்காராது.

படி 3: நிறுவனத்தின் பட்டியலே கடைசி வார்த்தை

மேலே சொன்னது எல்லாம் வாய்ப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். உறுதி வேண்டுமென்றால் போர்டு செய்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய், பிராசசர் ஆதரவுப் பட்டியலைத் திறக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பிராசசருக்கும் நேராக, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று போட்டிருக்கும்.

மூன்றைப் பாருங்கள். பிராசசரின் முழுப் பெயர் இருக்கிறதா? ஐ5-9400 இருந்தால் ஐ5-9400எஃப்பும் இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம், பெயர் அப்படியே இருக்க வேண்டும். ஸ்டெப்பிங் (ஒரே பிராசசரின் திருத்தப் பதிப்பைக் குறிக்கும் குறியீடு) என்ற தனி நெடுவரிசை இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள், ஒரே பிராசசரின் பிந்தைய ஸ்டெப்பிங்குக்கு இன்னும் புதிய பயாஸ் தேவைப்படலாம். மூன்றாவது, அதற்கு வேண்டிய பயாஸ் எண். படி 1-இல் குறித்த உங்கள் பதிப்பு அதைவிடப் பழசு என்றால் அப்டேட் செய்யாமல் பிராசசரைத் தொடக்கூடாது.

பட்டியலில் இல்லாத பிராசசரை "ஓடும், நான் போட்டிருக்கிறேன்" என்று யாராவது சொன்னால், அவருடைய போர்டும் ரிவிஷனும் உங்களுடையதுதானா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

பழைய பிராசசரைக் கைமாறி வாங்குகிறீர்கள் என்றால், மேற்புறத்தில் மாடல் பெயருக்குப் பதில் "கான்ஃபிடென்ஷியல்" என்று பொறித்திருந்தால் விட்டுவிடுங்கள். அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரி. பல போர்டுகளின் பயாஸ் அதை அடையாளம் காணாது.

படி 4: போர்டு தாங்குமா?

பட்டியலில் பெயர் இருந்தாலும், பிராசசரின் முழு வேகமும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் என்ற பகுதிதான் பவர் சப்ளையின் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிறது. குறைந்த விலை போர்டுகளில் இதன் மேல் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கூட இருக்காது. சூடு ஏறினால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பெட்டியின் மேல் போட்ட வாட் எண் இங்கே உதவாது. ஏஎம்4-இல் 65 வாட் என்று சொல்லும் பிராசசர் சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை இழுக்கும், 105 வாட் என்பது 142 வாட் வரை போகும். இன்டெல் ஐ5-12400 65 வாட் என்று சொன்னாலும் டர்போவில், அதாவது தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்போது, 117 வாட் வரை அனுமதி உண்டு. ஐ9-12900கே 241 வாட், ஐ9-13900கே 253 வாட். எச்610 போர்டில் ஐ9 ஓடும் என்று பட்டியல் சொல்லலாம், ஆனால் வீடியோ எடிட்டிங் போல நீண்ட நேரம் அழுத்தும் வேலையில் ஐ5-ஐ விடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஹீட்சிங்க் இல்லாத போர்டில் 65 வாட் வகைக்கு மேல் போகாதீர்கள் என்பது என் கருத்து. ஏ320 போர்டுக்கு ரைசன் 5 5600 நல்ல ஜோடி, 5900எக்ஸ் இல்லை.

பவர் சப்ளையிலிருந்து பிராசசருக்கு வரும் தனி கனெக்டரையும் பாருங்கள். போர்டில் 8 பின் இடம் இருந்து, உங்கள் பவர் சப்ளையில் (எஸ்எம்பிஎஸ்) 4 பின் வயர் மட்டுமே இருந்தால், பெரிய பிராசசருக்கு அதை நம்ப வேண்டாம்.

படி 5: கூடவே மாற வேண்டியவை

ரேம் வகையைப் போர்டு தீர்மானிக்கிறது. 12 முதல் 14 வரையான இன்டெல் தலைமுறைகள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும், ஆனால் ஒரு போர்டில் எந்த ஸ்லாட் இருக்கிறதோ அது மட்டும்தான். ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டுமே.

டிஸ்பிளே விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்4 ரைசன்களில் ஜி என்று இருப்பவற்றில்தான் கிராஃபிக்ஸ் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் 3200ஜி-யை எடுத்துவிட்டு 5600 போட்டால் எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு 5600ஜி சரி. ஒரே குறை, 5600ஜி-யில், கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை இணையும் பிசிஐஇ பாதைக்கு 3.0 வேகம் மட்டும்தான்.

கூலர்: எல்ஜிஏ 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றிலும் போர்டின் துளைகள் ஒரே இடைவெளியில், 75 மில்லிமீட்டர். 1700-இல் அது 78 ஆகிவிட்டது, பழைய கூலருக்குத் தனி பிராக்கெட் தேவை.

விண்டோஸ் 11-க்காகத்தான் பிராசசரை மாற்றுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: டெஸ்க்டாப்பில் பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறையும் ரைசன் 2000-உம் தொடக்கம். ஆகவே எச்110 போர்டில் ஐ3-ஐ எடுத்துவிட்டு ஐ7-7700 போட்டால் வேகம் கூடும், ஆனால் விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வத் தகுதி கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் இதை ஒதுக்கிவிட முடியாது. பி350 போர்டுக்காரர் ரைசன் 5000 போட்டால் இந்தக் கவலையும் தீரும்.

படி 6: பயாஸ் அப்டேட், பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே

இந்த வரிசை மாறக்கூடாது. பயாஸ் பழசாக இருந்தால் புதிய பிராசசரோடு போர்டு தொடங்காது. தொடங்காத போர்டில் சாதாரண முறையில் அப்டேட் செய்யவும் முடியாது.

வட்டில் உள்ளவற்றைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் பயன்படுத்தினால் அதை முதலில் தற்காலிகமாக நிறுத்தி, ரிகவரி சாவியை வேறு இடத்தில் சேமியுங்கள். இதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டால் சொந்தக் கோப்புகளே எட்டாமல் போய்விடும்.

அப்புறம், உங்கள் மாடல், ரிவிஷனுக்கான பயாஸ் கோப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதற்கு மேலே உள்ள குறிப்பை வரி விடாமல் படியுங்கள். சில போர்டுகளில் நேராகக் கடைசிப் பதிப்புக்குப் போக முடியாது, நடுவில் ஒரு பதிப்பைப் போட வேண்டும். சிலவற்றில் அப்டேட் செய்தபின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. ஏஎம்4-இல் சில பதிப்புகள் உங்களுடைய இப்போதைய பிராசசரின் ஆதரவையே நீக்கிவிடும். அப்படியென்றால் புதிய பிராசசர் கையில் வந்தபிறகுதான் அப்டேட் செய்ய வேண்டும்.

பெண்டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்து, கோப்பை விரித்து அதில் போடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போனால் அப்டேட் செய்யும் கருவி உள்ளேயே இருக்கும். ஆசூஸில் ஈஇசட் ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ் என்று பெயர். விண்டோஸுக்குள்ளிருந்து அப்டேட் செய்யும் மென்பொருளைத் தவிர்க்கவே சொல்வேன், நடுவில் விண்டோஸ் உறைந்தால் போர்டே போய்விடலாம். மின்சாரம் போய்வரும் நேரத்தில் செய்யாதீர்கள், முடிந்தால் யுபிஎஸ்ஸில் இணையுங்கள்.

பழைய பிராசசர் கையில் இல்லையா? போர்டின் பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். பிராசசரே இல்லாமல், பவர் சப்ளையும் பெண்டிரைவும் மட்டும் வைத்து அப்டேட் செய்யும் வசதி அது. கோப்பின் பெயரை அவர்கள் சொன்னபடி மாற்றி, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையிலேயே சொருக வேண்டும். அது இல்லாத போர்டு என்றால், ஆதரிக்கும் பிராசசர் ஒன்றைக் கடன் வாங்கவோ சர்வீஸ் மையத்துக்குப் போகவோ வேண்டியிருக்கும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசசர்களைப் போடுகிறவர்கள் கட்டாயம் கடைசிப் பதிப்புக்கே போங்கள். அதிக வோல்டேஜால் அந்தப் பிராசசர்கள் நாளடைவில் கெட்டுப்போன பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டு முதல் இன்டெல் திருத்தங்களை வெளியிட்டது. அவை பயாஸ் வழியாகத்தான் வருகின்றன. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, அதனால் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

படி 7: பிராசசரை மாற்றுதல்

ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில் இருக்கும். பழைய தெர்மல் பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரை நேராக இழுக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின்கள் வளையும். கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஆஃப் செய்து, மின்வயரைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. அங்கே விரலோ துணியோ படவே கூடாது.

பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டில் உள்ள குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள், தன் எடையிலேயே இறங்க வேண்டும். பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

முதல் முறை ஆன் செய்ததும் பதறாதீர்கள். டிடிஆர்5 போர்டுகளில் ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள்கூடத் திரை கறுப்பாக இருக்கலாம். ஏஎம்டியில் புதிய பிராசசர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்மை (பிட்லாக்கர் போன்றவற்றின் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யலாமா என்று ஒரு கேள்வி வரும். பிட்லாக்கர் சாவி கையில் இருந்தால் சம்மதம் சொல்லலாம்.

பத்து நிமிடம் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால், மின்சாரத்தைத் துண்டித்து, போர்டின் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டு சிமாஸை, அதாவது சேமித்த பயாஸ் அமைப்புகளை, அழியுங்கள். ஒரே ஒரு ரேமோடு முயன்று பாருங்கள். மானிட்டர் வயர் சரியான இடத்தில் இருக்கிறதா, பிராசசரின் 8 பின் வயர் இருக்கிறதா பாருங்கள். போர்டில் சின்ன எல்இடிகள் இருந்தால் எது எரிகிறது என்று கவனியுங்கள். சிபியு விளக்கு தொடர்ந்து எரிந்தால் பயாஸ் பதிப்பு அல்லது வளைந்த பின்தான் முதல் சந்தேகம்.

எல்லாம் சரியாக வந்துவிட்டால் பயாஸில் ரேம் வேகத்தை மறுபடி அமையுங்கள், அப்டேட்டில் அது பழைய நிலைக்குப் போயிருக்கும். பிறகு பிராசசரை முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டி, சூட்டையும் வேகத்தையும் பாருங்கள். வேகம் போகப் போக இறங்கினால் விஆர்எம்மையோ கூலரையோ கவனிக்க வேண்டும். பழைய பிராசசரை உடனே விற்றுவிடாதீர்கள். சில வாரங்கள் நிலையாக ஓடும்வரை அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருங்கள். பயாஸில் ஏதாவது சிக்கல் வந்தால் போர்டை மறுபடி எழுப்ப அது கைகொடுக்கும்.